ஸ்னாப்ஷாட்டிலிருந்து எக்ஸ்சேஞ்ச் டேட்டாபேஸை மீட்கும்போது எங்கே சிக்குகிறது, எப்படி எடுப்பது

எக்ஸ்சேஞ்ச் மெயில் சர்வரின் டேட்டாபேஸை ஸ்னாப்ஷாட் பேக்கப்பிலிருந்து (ஒரு குறிப்பிட்ட நொடியில் டிஸ்க் இருந்த நிலையின் நகல்) மீட்டெடுக்கும் வேலை எனக்கு அடிக்கடி வருகிறது. கூப்பிடுகிறவர்கள் சொல்லும் முதல் வாக்கியமும் ஏறக்குறைய ஒன்றேதான்: "ஃபைல் எல்லாம் வந்துவிட்டது, மவுண்ட் மட்டும் ஆகமாட்டேன் என்கிறது." (மவுண்ட் என்றால் எக்ஸ்சேஞ்ச் அந்த டேட்டாபேஸைத் திறந்து ஓட்டத் தொடங்குவது.) அதற்கு அடுத்த வாக்கியத்தில்தான் எனக்குப் பதற்றம் வரும், ஏனென்றால் பாதிப்பேர் அதற்குள் ரிப்பேர் கமாண்டை ஓட்டி முடித்திருப்பார்கள். அதை ஓட்டாமல் இருந்திருந்தால் ஒரு மெயில்கூடப் போகாமல் எடுத்திருக்கலாம் என்ற நிலையில் பல சர்வர்களைப் பார்த்துவிட்டேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இதில் உள்ளவை எக்ஸ்சேஞ்ச் 2013, 2016, 2019, இப்போதைய சப்ஸ்கிரிப்ஷன் எடிஷன் எல்லாவற்றுக்கும் பொருந்தும். கமாண்டுகளை ஒலிக்கிறபடியே தமிழில் எழுதியிருக்கிறேன், தட்டச்சு செய்யும்போது ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

ஸ்னாப்ஷாட்டிலிருந்து வந்த ஈடிபி ஃபைல் (டேட்டாபேஸே இதுதான்), அதோடு வந்த எல்லா லாக் ஃபைல்கள் (டேட்டாபேஸில் நடந்த ஒவ்வொரு மாற்றத்தின் பதிவு), செக்பாயின்ட் ஃபைல் (எந்த லாக் வரை ஈடிபியில் சேர்ந்துவிட்டது என்ற குறிப்பு), இவற்றை அப்படியே வேறொரு டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு அந்த நகலைத் தொடாதீர்கள். அடுத்து, இப்போது சர்வரில் கெட்டுப்போய் நிற்கும் டேட்டாபேஸின் லாக் ஃபோல்டரையும் நகல் எடுங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஸ்னாப்ஷாட் எடுத்த பிறகு வந்த மெயில்கள் அந்த லாக்கில்தான் இருக்கின்றன. பழைய ஈடிபி எத்தனை கெட்டிருந்தாலும் பரவாயில்லை, லாக் ஃபோல்டர் முழுசாக இருந்தால் நேற்றிரவு ஸ்னாப்ஷாட்டிலிருந்து இன்று காலை 11 மணி வரை வந்துவிடலாம்.

டிஸ்க்கில் இடம் போதவில்லை என்று லாக்குகளைக் கையால் அழிக்காதீர்கள். ஒரு நூற்பாலை அலுவலகத்தில் இப்படித்தான், டிஸ்க் நிரம்பிவிட்டது என்று "பழைய" லாக்குகளைத் தேதி பார்த்து அழித்திருந்தார்கள், அழித்ததில் டேட்டாபேஸ் கேட்ட இரண்டு ஃபைல்களும் போய்விட்டன. இடம் வேண்டுமென்றால் வேறு டிரைவுக்கு நகர்த்துங்கள்.

மூன்றாவதாக, ரீஸ்டோரே தேவையா என்று ஒரு நிமிடம் பாருங்கள். ஒருவர் மெயிலை அழித்துவிட்டார் என்பதுதான் பிரச்சினை என்றால், அழித்த மெயில்கள் இயல்பாக 14 நாள் ரெக்கவரபிள் ஐட்டம்ஸ் என்ற மறைவான ஃபோல்டரில் இருக்கும், அழித்த மெயில்பாக்ஸே 30 நாள் இருக்கும். டேக் (ஒரே டேட்டாபேஸின் காப்பிகளைப் பல சர்வர்களில் வைத்திருக்கும்) அமைப்பில் இன்னொரு சர்வரில் நல்ல காப்பி இருந்தால் அதை ஆக்டிவ் ஆக்கினால் போதும். ஸ்னாப்ஷாட் பக்கமே போக வேண்டாம்.

கடைசியாக ஒன்று. முழு விர்ச்சுவல் மெஷினையும் பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திருப்பாதீர்கள். இன்றைய லாக்குகள் அந்த நொடியே போய்விடும், கம்ப்யூட்டர் அக்கவுன்ட் பாஸ்வேர்டு 30 நாளுக்கொரு முறை மாறுவதால் டொமைன் ட்ரஸ்டும் அறுந்துவிடலாம், ஆக்டிவ் டைரக்டரி இன்றைய தேதியில் இருக்க எக்ஸ்சேஞ்ச் போன வாரத்தில் நிற்கும். எக்ஸ்சேஞ்ச் ஓடும் விர்ச்சுவல் மெஷினில் இந்த வகை ஸ்னாப்ஷாட்டை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதே இல்லை. கையில் இருப்பது அது மட்டும்தான் என்றால், அந்த ஸ்னாப்ஷாட்டின் டிஸ்க்கை மட்டும் வேறு மெஷினில் இணைத்து ஃபைல்களை வெளியே எடுங்கள்.

பிழை எண்ணைத் திரையில் தேடாதீர்கள். மவுண்ட் செய்யும்போது வரும் சிவப்பு எழுத்து எல்லாத் தவறுக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். ஈவன்ட் வியூவரில் அப்ளிகேஷன் லாக்கைத் திறந்து, ஈஎஸ்ஈ (எக்ஸ்சேஞ்சின் டேட்டாபேஸ் இன்ஜின்) என்ற சோர்ஸில் 454, 455, 474, 490 ஆகிய ஈவன்டுகளைப் பாருங்கள், மைனஸ் குறியோடு ஒரு எண் இருக்கும். கீழே சொல்வதெல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான்.

அறிகுறி: மவுண்ட் ஆகவில்லை, ஹெட்டரில் "டர்ட்டி ஷட்டவுன்" என்று இருக்கிறது

முதலில் பயத்தை விடுங்கள். ஸ்னாப்ஷாட் ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸிலிருந்து எடுக்கப்படுவது, ஆகவே அது டர்ட்டி ஷட்டவுன், அதாவது முறையாக மூடப்படாதது என்றுதான் வரும், அப்படி வருவது பழுது கிடையாது. அதற்கு லாக்கை ஊட்ட வேண்டும், அவ்வளவுதான்.

ஈஎஸ்ஈயூடில் என்பது டேட்டாபேஸைச் சோதிக்கவும் சரிசெய்யவும் எக்ஸ்சேஞ்சோடு வரும் கருவி. ஈஎஸ்ஈயூடில் /எம்எச் என்று அடித்து ஈடிபி ஃபைலின் பெயரைக் கொடுங்கள். வருவதில் ஸ்டேட், லாக் ரெக்வயர்டு (கட்டாயம் வேண்டிய லாக்குகள்), லாக் கமிட்டெட் (அதுவரை எழுதப்பட்ட லாக்குகள்) என்ற மூன்று வரிகளையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். லாக் ரெக்வயர்டு வரியில் 4771-4774 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் பக்கத்திலேயே ஹெக்ஸ் எண்ணில் 12ஏ3-12ஏ6 என்றும் இருக்கும். லாக் ஃபைல்களின் பெயர் ஹெக்ஸில்தான் இருக்கும், ஆக நீங்கள் தேட வேண்டியது 12ஏ3 முதல் 12ஏ6 வரை முடியும் நான்கு ஃபைல்கள். 4771 என்று முடியும் ஃபைலைத் தேடி, கிடைக்கவில்லை என்று முடிவுகட்டி, நேராக ரிப்பேருக்குப் போனவர்கள் உண்டு. ஃபைல் அங்கேதான் இருந்தது.

அடுத்து ஈஎஸ்ஈயூடில் /எம்எல் என்று அடித்து, லாக் ஃபோல்டரின் பாதையோடு ஈ00 என்ற முன்னொட்டைக் கொடுங்கள் (உங்கள் டேட்டாபேஸுக்கு ஈ01, ஈ02 என்றும் இருக்கலாம், ஃபோல்டரைப் பார்த்தால் தெரியும்). ஒவ்வொரு லாக்கையும் எடுத்து நன்றாக இருக்கிறதா, நடுவில் ஏதாவது காணோமா என்று சொல்லிவிடும். இனி என்ன வந்தது என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

*எல்லா லாக்கும் இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது*

ஈஎஸ்ஈயூடில் /ஆர் ஈ00, அதோடு /எல் போட்டு லாக் இருக்கும் ஃபோல்டர், /எஸ் போட்டு செக்பாயின்ட் ஃபோல்டர், /டி போட்டு ஈடிபி இருக்கும் ஃபோல்டர். இந்த /டி-யை விட்டுவிடாதீர்கள், விட்டால் லாக்குக்குள் எழுதியிருக்கும் பழைய பாதையில் போய் டேட்டாபேஸைத் தேடும், அங்கே உயிரோடு ஓடுகிற வேறு ஃபைல் இருந்தால் குழப்பம்தான். முடிந்ததும் மறுபடி /எம்எச் போட்டு "க்ளீன் ஷட்டவுன்" என்று வந்துவிட்டதா என்று பாருங்கள். நான் பார்த்த வேலைகளில் பெரும்பாலானவை இந்த இடத்திலேயே முடிந்துவிட்டன.

*ரெக்கவரி பழைய இடத்திலிருந்து தொடங்கி முரண்டு பிடிக்கிறது*

பழைய செக்பாயின்ட் ஃபைல் கிடக்கிறது. ஈ00 பெயரில் சிஎச்கே என்று முடியும் அந்த ஃபைலை வேறு ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அது இல்லாவிட்டால் இருப்பதிலேயே பழைய லாக்கிலிருந்து தொடங்கும், கொஞ்சம் நேரம் கூடும், வேறு பாதகமில்லை.

*மைனஸ் 1216*

லாக்கில் சொல்லியிருக்கும் டேட்டாபேஸும் இருக்கும் டேட்டாபேஸும் பொருந்தவில்லை என்கிறது. பாதை மாறியதுதான் வழக்கமான காரணம், /டி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். சரியாகவே இருக்கிறது என்றால் அதே கமாண்டில் /ஐ சேர்த்து ஓட்டுங்கள்.

*மைனஸ் 528 அல்லது மைனஸ் 543, அதாவது வேண்டிய லாக் காணோம்*

இங்கேதான் பொறுமை வேண்டும். கடைசி எண் மட்டும் இல்லையென்றால், அது எண்ணில்லாமல் வெறும் ஈ00 என்ற பெயரில் இருக்கலாம், நடப்பு லாக் எப்போதும் அந்தப் பெயரில்தான் இருக்கும். அந்த ஃபைலை மட்டும் /எம்எல் போட்டுப் பாருங்கள், எல்ஜெனரேஷன் என்ற வரியில் அதன் உண்மையான எண் தெரியும். தலைகீழாகவும் நடக்கும்: ஈ00 இல்லை, ஆனால் கேட்ட எண்கள் எல்லாம் இருக்கின்றன. அப்போது கடைசி எண் உள்ளதை ஈ00 என்று பெயர் மாற்றி ஓட்டலாம் (நகல் எடுத்த பிறகுதான்).

நடுவில் ஒன்று காணோம் என்றால் தேடும் இடங்களை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் ஓடிக்கொண்டிருந்த சர்வரின் லாக் ஃபோல்டர். அடுத்து ஆன்டிவைரஸின் குவாரன்டைன். லாக்குக்குள் வைரஸ் உள்ள இணைப்பு ஒன்று போயிருந்தால் ஆன்டிவைரஸ் அந்த லாக்கையே தூக்கி உள்ளே போட்டுவிடும், எக்ஸ்சேஞ்ச் ஃபோல்டர்களுக்கு விலக்கு தராத சர்வர்களில் இது சாதாரணம். நான் ஒரு தடவை இரவெல்லாம் தேடிய லாக் அங்கேதான் இருந்தது. அதற்கும் பிறகு முந்தைய, அடுத்த நாள் ஸ்னாப்ஷாட்கள், டேக் இருந்தால் மற்ற சர்வரின் லாக் ஃபோல்டர். ஒவ்வொரு லாக்கும் 1 எம்பிதான், அந்த 1 எம்பி கிடைத்துவிட்டால் 300 ஜிபி டேட்டாபேஸ் எழுந்து நிற்கும்.

*மைனஸ் 501, லாக் கெட்டிருக்கிறது*

அதே எண் உள்ள லாக்கை மேலே சொன்ன இடங்களில் தேடி மாற்றி வையுங்கள். அதே டேட்டாபேஸின் அதே தொடரைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும், வேறு டேட்டாபேஸின் லாக்குக்குப் பெயர் மாற்றி வைத்தால் சிக்னேச்சர் பொருந்தாமல் தள்ளிவிடும்.

*லாக் ரெக்வயர்டில் உள்ளவை எல்லாம் இருக்கின்றன, லாக் கமிட்டெட்டில் கடைசி ஒன்றிரண்டு மட்டும் இல்லை*

/ஆர் கமாண்டோடு /ஏ சேர்த்து ஓட்டுங்கள். கடைசிச் சில நிமிட மெயில்கள் போகும், மற்றபடி டேட்டாபேஸ் முழுசாக, நல்ல நிலையில் வரும். ரிப்பேருக்கு இது எத்தனையோ மேல், ஆனால் இப்படி ஒரு சுவிட்ச் இருப்பதே பலருக்குத் தெரியவில்லை.

*எதுவும் கிடைக்கவில்லை*

இன்னும் /பி, அதாவது ரிப்பேர் பக்கம் போகாதீர்கள். ஒரு நாள் முந்தைய ஸ்னாப்ஷாட்டை எடுத்து அதற்கு வேண்டிய லாக்குகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பல இடங்களில் பேக்கப் மென்பொருள் ஸ்னாப்ஷாட் எடுத்தது எக்ஸ்சேஞ்சுக்கே தெரியாமல் இருக்கும், அதனால் லாக்குகள் மாதக்கணக்கில் அழிக்கப்படாமல் குவிந்து கிடக்கும். டிஸ்க் நிரம்புகிறது என்று எல்லோரும் திட்டும் அந்தக் குவியல் இந்த நேரத்தில் பொக்கிஷம், ஒரு வாரப் பழைய ஸ்னாப்ஷாட்டைக்கூட இன்றைய நிமிடம் வரை கொண்டுவந்துவிடலாம்.

அதுவும் இல்லை என்றால்தான் ஈஎஸ்ஈயூடில் /பி. அது என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு ஓட்டுங்கள்: பொருந்தாத பக்கங்களைத் தூக்கி எறிந்துவிட்டு மிச்சத்தைக் கட்டுகிறது, எறிந்தது திரும்ப வராது, எதை எறிந்தது என்று உங்களால் பட்டியல் போடவும் முடியாது. தொடாத நகலை விட்டுவிட்டு, இதற்கென எடுத்த இன்னொரு நகலின் மேல் மட்டும் ஓட்டுங்கள். அப்படி ரிப்பேர் செய்த டேட்டாபேஸைத் தொடர்ந்து ஓட்டுவதை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை, மெயில்பாக்ஸ்களை ஒரு புதிய டேட்டாபேஸுக்கு நகர்த்திவிட்டு அதை ஓரம் கட்ட வேண்டும். "இப்போது ஓடுகிறதே, இருக்கட்டும்" என்று விட்ட ஒரு இடத்தில் மூன்று மாதம் கழித்து மறுபடி விழுந்தது, அந்தத் தடவை பேக்கப்பும் அதே கெட்ட டேட்டாபேஸின் பேக்கப்பாக இருந்தது.

நிபுணரைக் கூப்பிட வேண்டிய புள்ளி: வேண்டிய லாக் எங்கும் இல்லை, முந்தைய ஸ்னாப்ஷாட்டும் இல்லை, உள்ளே இருப்பது கணக்கு, வழக்கு, மருத்துவம் மாதிரி இழக்கக்கூடாத மெயில். /பி ஓட்டுவதற்கு முன்பு கூப்பிடுங்கள், ஓட்டிய பிறகு கூப்பிட்டால் அவர்கள் கையில் பாதிதான் இருக்கும்.

அறிகுறி: "க்ளீன் ஷட்டவுன்" என்கிறது, ஆனாலும் மவுண்ட் ஆகவில்லை

இது பெரும்பாலும் சின்ன விஷயம்.

லாக் ஃபோல்டரில் பழைய லாக்குகளும் செக்பாயின்ட்டும் கிடந்தால் அவற்றை வேறு ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டு மவுண்ட் செய்து பாருங்கள். க்ளீன் நிலைக்கு வந்த டேட்டாபேஸுக்கு அவை வேண்டாம், புதிதாக உருவாக்கிக்கொள்ளும்.

பழைய டேட்டாபேஸ் இருந்த இடத்திலேயே ஸ்னாப்ஷாட் ஃபைலை வைத்திருக்கிறீர்கள் என்றால், ரீஸ்டோரால் இதை மேலெழுதலாம் என்ற அனுமதியைக் கொடுக்க வேண்டும். செட்-மெயில்பாக்ஸ்டேட்டாபேஸ் கமாண்டில் அலோஃபைல்ரீஸ்டோர் என்பதை ட்ரூ என்று வையுங்கள்.

மவுண்ட் செய்யும்போது "ஃபைல் காணோம், காலியாக ஒரு டேட்டாபேஸ் உருவாக்கட்டுமா" என்கிற மாதிரி கேட்டால் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லுங்கள். ஈடிபி ஃபைலின் பெயரோ பாதையோ ஆக்டிவ் டைரக்டரியில் இருப்பதோடு பொருந்தவில்லை என்று அர்த்தம். கெட்-மெயில்பாக்ஸ்டேட்டாபேஸ் போட்டு ஈடிபிஃபைல்பாத் என்ன சொல்கிறது என்று எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

மைனஸ் 1032 என்றால் ஃபைலை வேறு யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், ஈவன்ட் 490 கூடவே வரும். ஆன்டிவைரஸ், இன்னும் முடியாத பேக்கப் வேலை, அல்லது வேறு ஜன்னலில் நீங்களே திறந்து வைத்திருக்கும் ஈஎஸ்ஈயூடில். அப்படி எதுவும் இல்லையென்றால் ஃபோல்டர் அனுமதிகள்: ஸ்னாப்ஷாட்டிலிருந்து நகல் எடுக்கும்போது அனுமதிகள் மாறிவிடும், சிஸ்டம் அக்கவுன்டுக்கும் எக்ஸ்சேஞ்ச் ட்ரஸ்டெட் சப்சிஸ்டம் குழுவுக்கும் முழு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். மைனஸ் 1808 வந்தால் டிஸ்க் நிரம்பிவிட்டது.

2016 சர்வரின் ஈடிபியை 2019 சர்வரில் மவுண்ட் செய்யப் பார்க்காதீர்கள், ஆகாது. அதே பதிப்பில் ஒரு சர்வர் வேண்டும்.

அறிகுறி: மைனஸ் 1018, ஈவன்ட் 474

இந்த எண்ணைப் பார்த்தால் எக்ஸ்சேஞ்சை விட்டுவிட்டு டிஸ்க்கைப் பாருங்கள். எழுதியது ஒன்று, படிக்கும்போது வந்தது வேறொன்று என்று டேட்டாபேஸ் சொல்கிறது, காரணம் ஏறக்குறைய எப்போதும் டிஸ்க், கன்ட்ரோலர், அதன் ஃபர்ம்வேர் அல்லது ஸ்டோரேஜ் பாதையில்தான் இருக்கும். மைனஸ் 1022 வந்தாலும் இதே திசைதான்.

ஸ்னாப்ஷாட்டிலிருந்து எடுத்த ஈடிபியை வேறொரு நல்ல டிஸ்க்குக்கு நகல் எடுத்து அங்கே ஈஎஸ்ஈயூடில் /கே (ஒவ்வொரு பக்கமும் கெடாமல் இருக்கிறதா என்ற சோதனை) ஓட்டுங்கள். அங்கே சுத்தமாக வந்தால் ஈடிபியில் குற்றமில்லை, நீங்கள் ரீஸ்டோர் செய்த டிஸ்க்தான் கெட்டது, நல்ல டிஸ்க்கிலேயே வேலையைத் தொடருங்கள். அங்கேயும் பிழை வந்தால் ஸ்னாப்ஷாட் எடுக்கும் முன்பே டேட்டாபேஸ் கெட்டிருக்கிறது. ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டாகப் பின்னால் போய் /கே சுத்தமாக வருகிற நாளைக் கண்டுபிடியுங்கள், அங்கிருந்து லாக்குகளை ஊட்டி முன்னால் வாருங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் ஒரு மெயிலும் போகாமல் மீளும் வழி இது ஒன்றுதான்.

அந்த டிஸ்க்கில் இன்னொரு ரீஸ்டோர் செய்து பார்க்க வேண்டாம். ஹார்டுவேர் ஆளைக் கூப்பிடுங்கள், சர்வர் உத்தரவாதத்தில் இருந்தால் உடனே.

அறிகுறி: ஸ்னாப்ஷாட்டே திறக்கவில்லை, அல்லது உள்ளே இருப்பது ஒன்றோடொன்று பொருந்தவில்லை

விண்டோஸ் ஷேடோ காப்பியாக இருந்தால் விஎஸ்எஸ்அட்மின் லிஸ்ட் ஷேடோஸ் போட்டுப் பாருங்கள். பட்டியலில் இல்லையென்றால் ஷேடோ காப்பிக்கு ஒதுக்கிய இடம் போதாமல் விண்டோஸே அழித்திருக்கும், சிஸ்டம் லாக்கில் வோல்ஸ்னாப் என்ற பெயரில் 25 அல்லது 36 ஈவன்ட் இருந்தால் உறுதி. அது போனது போனதுதான், வேறு பேக்கப்பைத் தேடுங்கள். பட்டியலில் இருக்கிறது, எம்கேலிங்க் (ஷேடோ காப்பியை ஒரு ஃபோல்டராகக் காட்டும் கமாண்ட்) போட்டும் ஃபோல்டர் திறக்கவில்லை என்றால், ஷேடோ காப்பியின் பாதைக்குக் கடைசியில் ஒரு பின்சாய்வுக்கோடு சேர்க்க மறந்திருப்பீர்கள்.

விர்ச்சுவல் டிஸ்க்கை அதே சர்வரில் இணைத்து ஆஃப்லைன் என்று காட்டினால் இரண்டு டிஸ்க்குக்கும் ஒரே சிக்னேச்சர் (டிஸ்க்கின் அடையாள எண்) இருப்பதுதான் காரணம். வேறு மெஷினில் இணையுங்கள்.

மோசமான வகை இது: ஈடிபி ஒரு வால்யூமில், லாக் இன்னொரு வால்யூமில், ஸ்டோரேஜ் பெட்டி இரண்டையும் தனித்தனியாகச் சில நொடி இடைவெளியில் ஸ்னாப்ஷாட் எடுத்திருக்கிறது. லாக் வால்யூம் முதலில் எடுக்கப்பட்டிருந்தால், ஈடிபி கேட்கும் லாக் அந்த ஸ்னாப்ஷாட்டில் பிறந்தே இருக்காது. இந்த நிலையில் கைகொடுப்பது முதலில் சொன்ன, ஓடிக்கொண்டிருந்த சர்வரின் லாக் ஃபோல்டர் நகல் மட்டும்தான். மீண்டு வந்த கையோடு இரண்டு வால்யூமையும் ஒரே கன்சிஸ்டன்சி குரூப்பில், அதாவது ஒரே நொடியில் ஸ்னாப்ஷாட் எடுக்கும் தொகுப்பில் போடச் சொல்லுங்கள்.

பேக்கப் எடுத்தது எக்ஸ்சேஞ்சுக்குத் தெரியுமா என்று பார்க்க, கெட்-மெயில்பாக்ஸ்டேட்டாபேஸ் கமாண்டை ஸ்டேட்டஸ் சுவிட்சோடு ஓட்டி லாஸ்ட்ஃபுல்பேக்கப் வரியைப் பாருங்கள். தேதியே இல்லாமல் காலியாக இருந்தால் இதுவரை எடுத்ததெல்லாம் மின்சாரம் போன நொடியில் படம் பிடித்த மாதிரிதான். அவற்றிலிருந்தும் மீட்கலாம், ஆனால் உத்தரவாதம் கிடையாது. விஎஸ்எஸ்அட்மின் லிஸ்ட் ரைட்டர்ஸ் போட்டால் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் ரைட்டர் (பேக்கப்புக்கு டேட்டாபேஸைத் தயார்படுத்தும் பகுதி) ஸ்டேபிள் என்றும் பிழை இல்லை என்றும் வர வேண்டும். இல்லையென்றால், 2013 முதலான பதிப்புகளில் அது ரெப்ளிகேஷன் சர்வீஸுக்குள் இருப்பதால், அந்த சர்வீஸை ஒரு தடவை நிறுத்தித் தொடங்குங்கள்.

அறிகுறி: ரெக்கவரி டேட்டாபேஸ் மவுண்ட் ஆகிவிட்டது, ஆனால் மெயில் பயனருக்கு வந்து சேரவில்லை

ரெக்கவரி டேட்டாபேஸ் என்பது மீட்ட ஈடிபியை ஓடுகிற டேட்டாபேஸுக்குப் பக்கத்தில் தனியாகத் திறந்து வைக்கும் தற்காலிக டேட்டாபேஸ். அதை அவுட்லுக்கில் திறக்க முடியாது, அதிலிருந்து மெயில்பாக்ஸுக்கு ஊற்ற வேண்டும். நியூ-மெயில்பாக்ஸ்ரீஸ்டோர்ரெக்வெஸ்ட் கமாண்ட் அதற்குத்தான்.

மெயில்பாக்ஸைக் காணோம் என்றால் கெட்-மெயில்பாக்ஸ்ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கமாண்டில் ரெக்கவரி டேட்டாபேஸின் பெயரைக் கொடுத்து உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கும் அலுவலகங்களில் பெயரைக் கொடுக்காமல் மெயில்பாக்ஸ் கைட் எண்ணை (ஒவ்வொரு மெயில்பாக்ஸுக்கும் உள்ள தனி அடையாள எண்) கொடுங்கள், ஒருவர் கடிதத்தை இன்னொருவர் பெட்டியில் கொட்டிவிட்டால் அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. ஆர்க்கைவ் தனி மெயில்பாக்ஸாகத் தெரியும், அதைத் தனியாக எடுக்க வேண்டும்.

லெகசி டிஎன் (எக்ஸ்சேஞ்ச் உள்ளுக்குள் பயன்படுத்தும் பயனர் அடையாளம்) பொருந்தவில்லை என்று மறுத்தால், பயனர் அக்கவுன்டை அழித்துப் புதிதாக உருவாக்கியிருப்பார்கள். சரியான ஆள்தான் என்று உறுதி செய்துகொண்டு அலோலெகசிடிஎன்மிஸ்மேட்ச் சேர்த்து ஓட்டுங்கள். டார்கெட்ரூட்ஃபோல்டர் என்பதில் "மீட்டவை" மாதிரி ஒரு பெயரைக் கொடுத்தால் இன்றைய இன்பாக்ஸோடு கலக்காமல் தனியாக வந்து உட்காரும், நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

ரெக்வெஸ்ட் க்யூட் என்றே நின்றால் மெயில்பாக்ஸ் ரெப்ளிகேஷன் சர்வீஸ் ஓடுகிறதா என்று பாருங்கள். பாதியில் ஃபெயில்டு என்றால் கெட்டுப்போன ஐட்டங்கள் இருக்கின்றன, பேட்ஐட்டம்லிமிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துங்கள். 50-ஐத் தாண்டினால் இழப்பை ஏற்கிறேன் என்று தனியாக ஒரு சுவிட்ச் கேட்கும், அந்த இடத்தில் நின்று அந்தப் பயனரிடமே கேட்டு முடிவெடுங்கள்.

வேலை முடிந்ததும் ரெக்கவரி டேட்டாபேஸை நீக்கினாலும் ஈடிபி ஃபைல் டிஸ்க்கிலேயே இருக்கும், கையால் அழிக்க வேண்டும். ஒரு மாதமாவது விட்டுவைத்து அழியுங்கள், "அந்த ஒரு மெயில் வரவில்லை" என்று மூன்றாவது வாரம் யாராவது வருவார்கள்.

அறிகுறி: எல்லாம் ஓடுகிறது, கடைசி ஒரு நாள் மெயில் மட்டும் இல்லை

ஸ்னாப்ஷாட்டோடு வந்த லாக்கை மட்டும் ஊட்டியிருக்கிறீர்கள், அதற்குப் பிந்தைய லாக்குகளை ஊட்டவில்லை. முதலில் எடுத்த நகலை மறுநகல் எடுத்து அதில் புதிதாக ஒரு தடவை செய்யுங்கள், இந்த முறை ஓடிக்கொண்டிருந்த சர்வரின் லாக்குகளையும் அதே ஃபோல்டரில் சேர்த்து. ஏற்கெனவே மவுண்ட் ஆன டேட்டாபேஸின் மேல் அந்த லாக்குகளை ஊட்ட முடியாது, தொடர் மாறிவிட்டிருக்கும். விண்டோஸ் சர்வர் பேக்கப்பில் ரீஸ்டோர் செய்தவர்கள், ரோல்-ஃபார்வர்டு ரெக்கவரி வேண்டாம் என்ற கட்டத்தைத் தெரியாமல் டிக் செய்தோமா என்றும் யோசியுங்கள்.

சர்குலர் லாகிங் (பழைய லாக்குகளைத் தானாகவே அழித்துக்கொண்டு போகும் அமைப்பு) போட்டிருந்தால் பிந்தைய லாக்குகளே இருக்காது. அப்போது இரண்டு இடங்கள் மிச்சம். ஒன்று சேஃப்டி நெட், வந்து சேர்ந்த மெயில்களை இயல்பாக 2 நாள் வைத்திருக்கும், ஆட்-ரீசப்மிட்ரெக்வெஸ்ட் கமாண்டில் டேட்டாபேஸின் கைட் எண்ணையும் தொடக்க, முடிவு நேரத்தையும் கொடுத்தால் மறுபடி அனுப்பிவைக்கும். இரண்டாவது இடம் பயனர்களின் கணினியில் உள்ள ஓஎஸ்டி ஃபைல் (அவுட்லுக் அங்கேயே வைத்திருக்கும் மெயில் நகல்). கேச்டு மோடில் (இந்த நகலோடு) இருந்தவர்களை அவுட்லுக்கை ஆஃப்லைனிலேயே திறந்து, அந்த நாட்களின் மெயில்களை பிஎஸ்டியாக (தனி மெயில் ஃபைலாக) எடுத்து வைக்கச் சொல்லுங்கள், அதன் பிறகு சர்வரோடு இணையட்டும். ப்ரொஃபைலைப் புதிதாகப் போடுகிறேன் என்று யாரும் ஓஎஸ்டியை அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: ரீஸ்டோருக்குப் பிறகு டேக்கில் மற்ற காப்பிகள் ஃபெயில்டு

எதிர்பார்க்க வேண்டியதுதான், அவை வேறு வரலாற்றில் இருக்கின்றன. சஸ்பெண்ட் செய்து, அப்டேட்-மெயில்பாக்ஸ்டேட்டாபேஸ்காப்பி கமாண்டில் டிலீட்எக்ஸிஸ்டிங்ஃபைல்ஸ் சேர்த்துப் புதிதாக ரீசீட் செய்யுங்கள், அதாவது முழு டேட்டாபேஸையும் மறுபடி நகலெடுக்க வையுங்கள். ஆனால் அந்த சுவிட்ச் பழைய காப்பியை அழித்துவிடும், ஆகவே மீட்ட டேட்டாபேஸில் எல்லா மெயிலும் வந்துவிட்டது என்று பயனர்கள் சொன்ன பிறகுதான் ஓட்டுங்கள்.

வெளியாளைக் கூப்பிடும்போது

2016, 2019 பதிப்புகளுக்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு 14 அக்டோபர் 2025-இல் முடிந்துவிட்டது, அவற்றை வைத்திருப்பவர்கள் தனியார் மீட்பு நிபுணரிடம்தான் போக வேண்டியிருக்கும், விலையும் ஜிபி கணக்கில் ஏறலாம். ஈடிபியிலிருந்து மெயில்களை உருவும் மென்பொருள்களும் விற்கின்றன, வாங்குவதற்கு முன் அவற்றின் இலவசச் சோதனைப் பதிப்பில் உங்கள் ஃபைலின் ஃபோல்டர்களும் கடைசி வார மெயில்களும் தெரிகின்றனவா என்று பார்த்துவிடுங்கள், ஸ்னாப்ஷாட்டின் இன்னொரு நகலின் மேல் மட்டும்.

வருகிறவரிடம் கொடுக்க வேண்டியவை: தொடாத நகல், /எம்எச் மற்றும் /எம்எல் காட்டிய முழு வரிகள், ஈவன்ட் லாக்கின் ஏற்றுமதி, நீங்கள் ஓட்டிய ஒவ்வொரு கமாண்டும் ஓட்டிய நேரத்தோடு. /பி ஓட்டியிருந்தால் அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.